ஊரில் மேளக்காரர், தில்லியில் வித்வான்

அந்த அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. 2018 தை மாதம். கிழக்கு தில்லியில் நாங்கள் குடியிருக்கும் பகுதியில், தமிழர்கள் காசு சேர்த்துக் கட்டிய சின்ன முருகன் கோயில் ஒன்று உண்டு. தைப்பூசத்துக்கு மூன்று நாள் விழா, கடைசி நாள் மாலை நாகஸ்வரக் கச்சேரி என்று போட்டிருந்தார்கள். வழக்கம்போல அபிஷேக நேரத்தையும் அன்னதான நேரத்தையும் மட்டும் பார்த்துவிட்டு மூடப் போனவன், வித்வானின் பெயரைப் பார்த்து நின்றேன். பெயர் என்று சொல்வது தப்பு. பெயருக்கு முன்னால் போட்டிருந்த ஊரைப் பார்த்து நின்றேன். அது எங்கள் ஊர்.

மாயவரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போகவேண்டிய ஊர். ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அவர் யார் என்று தெரிந்துவிடும். என்னைப் பற்றியும் சில விஷயங்கள் தெரிந்துவிடும்.

அவரைப் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். எனக்குக் காது குத்தினபோது வாசித்தவர். என் சித்தப்பா கல்யாணத்தில் ஊர்வலத்துக்கு வாசித்தவர். மார்கழியில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கோயிலிலிருந்து வரும் பூபாளம் அவருடையது. ஆனால் அவர் பெயர் இதுதான் என்பது எனக்கு ஐம்பதை நெருங்கும் வயதில், இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, ஒரு அழைப்பிதழில்தான் தெரிந்தது. ஊரில் அவருக்குப் பெயர் கிடையாது. மேளக்காரர். அவ்வளவுதான். "மேளக்காரன் வந்துட்டானா பாரு" என்றுதான் பெரியவர்கள் அனுப்புவார்கள்.

தாத்தா சங்கீதம் தெரிந்தவர். அதையும் சொல்லிவிட வேண்டும். சுவாமி புறப்பாடு எங்கள் வீட்டு வாசலில் நின்றால், திண்ணையில் உட்கார்ந்தபடியே, "ஏன்யா, காலம்பற என்ன பூர்விகல்யாணியா? நிறைய நாளாச்சுய்யா அதைக் கேட்டு" என்பார். அவர் தெருவில் நின்றபடி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சிரிப்பார். தாத்தாவை விட அவருக்கு முப்பது வயது குறைவு. அதனால் ஒருமை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பத்து வயதுப் பையனான என்னை அவர் "வாங்க தம்பி" என்றுதான் சொல்வார். நான் அவரை, "நாளைக்கு சாயங்காலம் வரணுமாம், தாத்தா சொல்லச் சொன்னாரு. நீ வருவியா?" என்று கேட்பேன். இதில் எனக்கு எந்த உறுத்தலும் இருந்ததாக ஞாபகமில்லை. ஊரில் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள்.

சரி, ஒரு மேளக்காரர் தில்லிக்கு வந்த கதையைச் சொல்ல, தமிழர்கள் தில்லிக்கு வந்த கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

1911-ல் பிரிட்டிஷ் அரசு தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தது. புது தில்லி கட்டி முடிந்து திறப்பு விழா நடந்தது 1931-ல். இடைப்பட்ட இருபது வருடங்களில் செக்ரடேரியட்டுக்கு ஆள் தேவைப்பட்டது. இங்கிலீஷும் கணக்கும் சுருக்கெழுத்தும் தெரிந்த மதராஸ்காரர்கள் மூட்டை கட்டினார்கள். வெயில் வந்தால் சர்க்கார் சிம்லாவுக்கு ஏறும், குளிர் வந்தால் தில்லிக்கு இறங்கும். குமாஸ்தாவும் குடும்பத்தோடு ஏறி இறங்குவார். பிள்ளைகள் படிப்புக்காக 1920களிலேயே மதராஸி கல்விச் சங்கத்தின் பள்ளி வந்துவிட்டது. இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்று ஏழு பள்ளிகளாக இருப்பது அதுதான். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் 1929-ல் ஓடத் தொடங்கியது. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-ல் பிறந்தது. ஆர்.கே.புரத்தில் குன்றின்மேல் இருக்கும் சுவாமிநாத சுவாமி கோயிலுக்கு (எல்லாருக்கும் மலை மந்திர்) 1965-ல் அப்போதைய முதலமைச்சர் பக்தவத்சலம் அடிக்கல் நாட்டினார்; 1973-ல் கும்பாபிஷேகம் நடந்தது. 1976-ல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்தபிறகு ஊர் இன்னும் கிட்டே வந்த மாதிரி இருந்தது என்று இங்கே பழைய ஆட்கள் சொல்வார்கள்.

வேலை, பள்ளிக்கூடம், சங்கம், கோயில். வரிசையைப் பாருங்கள், எல்லாம் வந்துவிட்டது. இட்லிக் கொப்பரை வந்தது, கல்லுரல் வந்தது, வீணையும் மிருதங்கமும் வந்தன. பாட்டு டீச்சர்கள் கரோல் பாகில் வீட்டு வீடாகப் போய் வர்ணம் சொல்லிக்கொடுத்தார்கள். வராத ஒன்று நாகஸ்வரம்.

காரணம் சுலபம். வீணையை அரசாங்கக் குவார்ட்டர்ஸின் முன்னறையில் வைத்து வாசிக்கலாம். நாகஸ்வரத்தை வாசித்தால் பத்துப் பிளாக்குக்குக் கேட்கும். அது வெளியே வாசிப்பதற்காகச் செய்த வாத்தியம். தவிர, வீணை கற்றவர் குமாஸ்தாவாக இருக்கலாம். நாகஸ்வரம் வாசிப்பவருக்கு அதுவே தொழில்; கோயில் மானியமும், படி நெல்லும், கல்யாண முகூர்த்தமும் இருக்கும் இடத்தில்தான் அவர் குடும்பம் இருக்க முடியும். ஆபீஸ் வேலைக்குப் போனவர்களின் தெருக்கள் காலியாயின. மேளக்காரர் தெருவுக்கு ஆபீஸ் கதவு அவ்வளவு சீக்கிரம் திறக்கவில்லை. ஆகவே தில்லித் தமிழர் வீட்டுக் கல்யாணங்களில் ரொம்ப காலம் தாலி கட்டும் நேரத்துக்கு டேப் ரிக்கார்டர்தான். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் கேசட்டைச் சரியான இடத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, "கெட்டிமேளம்" என்றதும் பட்டனை அமுக்குவதற்கென்றே ஒரு மாமா இருப்பார். என் கல்யாணத்தில்கூட அப்படித்தான். மாமா அமுக்கியபோது கேசட்டின் மறுபக்கம் ஓடி, பாட்டு நடுவில் ஆரம்பித்தது.

கச்சேரிக்கு வருகிறேன்.

மூடுபனியில் ரயில் பதினோரு மணி நேரம் தாமதம். மத்தியானம் வந்து இறங்கி, மாலை ஆறு மணிக்கு மேடையில் உட்கார்ந்திருந்தார். ஆமாம், மேடையில். கோயில் பின்புறம் ஷாமியானா போட்டு, இரண்டடி உயரத்துக்குப் பலகை அடித்து, மேலே ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். எழுபதைத் தாண்டிய வயது. பட்டு ஜிப்பாவுக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு சால்வை. பக்கத்தில் தவில் வித்வான், விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு கையை ஹீட்டரில் காட்டிக்கொண்டிருந்தார். ஒத்து ஊதுபவர் இல்லை, சுருதிப் பெட்டி. முன்னால் எண்பது பேர் இருந்திருப்போம். பின்வரிசையில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

முதல் பத்து நிமிடம் சுருதியோடு போராட்டம். நாகஸ்வரத்தில் நாம் பார்க்கும் நீளக் குழல் உலவு, கீழே விரிந்திருப்பது அணசு. சத்தம் பிறப்பது மேலே செருகியிருக்கும் சீவாளியில். காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்வது. எச்சிலின் ஈரத்தில்தான் அது பேசும். தில்லிக் குளிர்காற்றில் வாயிலிருந்து எடுத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் உலர்ந்துபோகிறது. அவர் கழுத்தில் தொங்கிய நாலைந்து சீவாளிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒன்று பிடித்தது.

கம்பீர நாட்டையில் மல்லாரி. சுவாமி வெளியே கிளம்பும்போது வாசிப்பது. சாகித்யம் கிடையாது, வெறும் சொற்கட்டு. ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதைக் கேட்டதும் கால் தானாக வாசலுக்குப் போகும். எனக்கும் எழுந்து நிற்கத் தோன்றியது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு தோடி எடுத்தார். ஐம்பது நிமிடம்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் பெரிய ரசிகன் இல்லை. தாத்தாவுக்கு இருந்த காது எனக்கு வரவில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து கேட்ட ஒரு வாத்தியத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். ஊரில் அவர் வாசிக்கும்போது நாங்கள் தேங்காய் உடைத்துக்கொண்டிருப்போம், சாப்பாட்டுப் பந்தியில் இடம் பிடித்துக்கொண்டிருப்போம், யார் மாப்பிள்ளைக்கு எவ்வளவு சம்பளம் என்று விசாரித்துக்கொண்டிருப்போம். அவர் தோடியை இரண்டு நிமிடம் இழுத்தால் யாராவது வந்து "போதும்யா, ஐயர் மந்திரம் சொல்றாரு" என்பார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்குப் பின்னால் இன்னும் நாற்பத்தெட்டு நிமிடம் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது. அவர் அத்தனை வருடமும் அதை வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

பாதியில் குழந்தைகள் ஓடுவதை நிறுத்தியிருந்தார்கள். யாரும் அதட்டியதாகத் தெரியவில்லை.

எங்கள் மாடியில் குடியிருக்கும் பஞ்சாபிப் பெரியவர் பிரசாதத்துக்காக வந்தவர், முடியும்வரை உட்கார்ந்திருந்தார். என் காதருகில் குனிந்து, "இது ஷெஹ்னாயா?" என்று கேட்டார். "ஷெஹ்னாய்க்கு மதராஸ் அண்ணன்" என்றேன். அவர் சந்தோஷமாக, "அப்படியானால் பிஸ்மில்லா கான் மாதிரி" என்றார். நான் கொஞ்சம் யோசித்துத்தான் ஆமாம் சொன்னேன்.

அந்த ஒப்பீட்டில் நிறைய உண்மை இருக்கிறது. ஷெஹ்னாயும் வாசலில் நின்ற வாத்தியம்தான். அரண்மனை வாசலுக்கு மேலே நௌபத்கானாவில் உட்கார்ந்து வாசிப்பார்கள். கல்யாணத்தில் பந்தலுக்கு வெளியே வாசிப்பார்கள். பிஸ்மில்லா கான் காசியில் பாலாஜி கோயிலில் சாதகம் செய்தவர். 1937-ல் கல்கத்தாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் வாசித்து, ஷெஹ்னாயைக் கச்சேரி மேடையின் நடுவுக்குக் கொண்டுவந்தார். 1947-ல் சுதந்திரத்தின்போது தில்லியில் அவர் ஷெஹ்னாய் ஒலித்தது. 2001-ல் பாரத ரத்னா கொடுத்தார்கள். 2006-ல் காலமானார். இந்தி பேசும் எந்த ஊரிலும் அந்தப் பெயர் தெரியாத ஆள் இருக்கமாட்டார்.

ஆனால் அதே 1947 ஆகஸ்டில், அதே தில்லியில், ஒரு நாகஸ்வரமும் ஒலித்தது. 2023-ல் புதிய நாடாளுமன்றக் கட்டிடத்தில் செங்கோல் வைத்தபோது எல்லாப் பத்திரிகையும் அந்தக் கதையைத் தோண்டியது ஞாபகம் இருக்கும். திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் வந்தவர்கள் நேருவின் வீட்டுக்குப் போய்ச் செங்கோலைக் கொடுத்தார்கள். அதற்கு என்ன அரசியல் அர்த்தம் என்பதில் சரித்திரக்காரர்களுக்குள் பெரிய சண்டை. அதற்குள் நான் போகவில்லை. எனக்கு வேண்டியது அந்த ஊர்வலத்தின் முன்னால் போன ஆள்.

அமெரிக்காவின் டைம் பத்திரிகை அந்த மாதமே அதை எழுதியிருக்கிறது. துறவிகள் ஒரு பழைய ஃபோர்டு காரில் மெதுவாக வருகிறார்கள். முன்னால் நாகஸ்வர வித்வான் நடந்து போகிறார். நூறு கஜத்துக்கு ஒரு தடவை நின்று, ரோட்டிலேயே உட்கார்ந்து, கால் மணி நேரம் வாசிக்கிறார். பிறகு எழுந்து நடக்கிறார். தென்னிந்தியாவின் மிகப் புகழ்பெற்ற நாகஸ்வரக்காரர் என்று அந்தப் பத்திரிகை அவரைச் சொல்கிறது. ஆனால் பெயரைப் போடவில்லை.

நம்ம ஊரில் யாரைக் கேட்டாலும் அந்தப் பெயரைச் சொல்வார்கள். ஆதீன வித்வான் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. தோடி என்றால் அவர், அவர் என்றால் தோடி. 1898-ல் பிறந்து 1956-ல் மறைந்தவர். நாகஸ்வரக்காரர்கள் மேல்சட்டை போடாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று வாசித்த காலத்தில், கிராப் வெட்டிக்கொண்டு, ஷெர்வானி போட்டுக்கொண்டு வந்தவர். வாய்ப்பாட்டு வித்வானுக்கு எந்த மேடையோ அதே மேடை எனக்கும் வேண்டும், உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றவர். பழைய திமிரி நாயனம் குட்டை, சுருதி ஜாஸ்தி. நீளமான பாரி நாயனத்தைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்து சுருதியைத் தணித்து, மண்டபத்துக்குள் உட்கார்ந்து கேட்கும் வாத்தியமாக அதை மாற்றியதில் பெரிய பங்கு அவருக்கு. நரசிங்கம்பேட்டை ஆசாரிமார்கள் ஆச்சா மரத்தில் இன்றும் செய்வது அந்தப் பாரி நாயனம்தான். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1940-ல் 'காளமேகம்' படத்தில் கதாநாயகனாகவே நடித்தார்.

மேடைக்காக அவ்வளவு சண்டை போட்ட மனிதர், நாடு சுதந்திரம் அடையும் வேளையில் தில்லியில் ரோட்டில் உட்கார்ந்து வாசித்தார் என்பதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அதில் அவமானம் ஒன்றும் இல்லை என்றும் தோன்றியது. ஊர்வலத்தில் வாசிப்பது அவர் தொழிலின் பெருமை. ரோட்டில் உட்கார்வது அவரே முடிவு செய்தது. உட்கார் என்றோ நில் என்றோ அன்றைக்கு யாரும் அவரிடம் சொல்லியிருக்க முடியாது. எனக்கு உறுத்தியது வேறு. கண்ணால் பார்த்ததையெல்லாம் எழுதிய பத்திரிகைக்குப் பெயர் கேட்கத் தோன்றவில்லை. அமெரிக்காக்காரனைச் சொல்லி என்ன, நாற்பது வருடம் எனக்கே தோன்றவில்லை.

அவருக்குப் பின்னால் எத்தனை பேர். அவருடைய சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலம், 1962-ல் 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போட்டவர். ஆந்திராவிலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானா. 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்கு வாசித்த மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள் (சிவாஜியின் விரலைப் பார்த்தோம், வாசித்தவர்களை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறோம்?). 2020-ல் பத்மஸ்ரீ பெற்ற காலீஷாபி, ஷேக் மகபூப் சுபானி தம்பதி. திருவாவடுதுறை, காருகுறிச்சி, திருவீழிமிழலை, நாமகிரிப்பேட்டை... இந்தத் தொழில்காரர்கள் எங்கே போனாலும் ஊரைப் பெயருக்கு முன்னால் தூக்கிக்கொண்டு போனார்கள். நாம் ஊரை விட்டு வந்து, ஃபாரத்தில் 'நேட்டிவ் பிளேஸ்' என்ற கட்டத்தில் மட்டும் எழுதுகிறோம்.

கச்சேரி முடிந்து சால்வை போட்டார்கள். நான் போய் ஊர்ப் பெயரையும் தாத்தா பெயரையும் சொன்னேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். எழுபது வயதைத் தாண்டியவர், அப்போதுதான் ஒன்றரை மணி நேரம் வாசித்து முடித்தவர். "பெரியவங்க பேரனா? தம்பி, நீங்களா? வாங்க, வாங்க."

"உட்காருங்க. நீங்க உட்காருங்க" என்றேன். அவரிடம் நான் 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கவனித்தாரா தெரியாது. எனக்கு நாக்கு கொஞ்சம் தடுக்கியது.

இரவு வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். கோயில் அறையில் தங்கியிருந்தார்கள், அங்கே எல்லா வசதியும் இருந்தது. ஆனாலும் அழைத்தேன். வந்தார்கள். மூன்றாவது மாடி. தவில் வித்வான் சின்ன வயது, செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். இவர் வாசலில் நின்றார். நான் உள்ளே இருந்து "வாங்க" என்றேன். இவர் நிலைப்படியைப் பார்த்தபடி சொன்னார்:

"உங்க வீட்டுக்கு அம்பது வருஷமா வர்றேன் தம்பி. திண்ணையைத் தாண்டினது இல்ல."

குறையாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது மாதிரி சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை. அதற்குள் என் பெண் உள்ளே இருந்து வந்து, "தாத்தா, குளிருது, கதவைச் சாத்தணும், உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். தில்லியில் பிறந்து வளர்ந்தவள். வயதானவர்கள் எல்லாரும் அவளுக்குத் தாத்தா. எங்கள் தெருவில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

சாப்பிடும்போது நிறையப் பேசினார். கோயிலில் அவருக்கு வரும் சம்பளத்தைச் சொன்னார். எழுத வெட்கமாக இருக்கிறது. கல்யாணங்களில் இப்போது செண்டை மேளமும் டி.ஜே.யும்தான், நாகஸ்வரத்தை முகூர்த்தத்துக்கு மட்டும் கூப்பிட்டு சினிமாப் பாட்டு கேட்கிறார்கள் என்றார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். சின்ன வயதில் நன்றாக வாசித்தவன். "ஏன் விட்டுட்டார்?" என்று கேட்டேன். "பத்தாவது படிக்கையில கூடப் படிச்ச பசங்க வீட்டுக் கல்யாணத்துக்கு என்கூட வாசிக்க வந்தான். அவங்க எல்லாம் பந்தியில உக்காந்திருந்தாங்க. நாங்க கடைசிப் பந்திக்குக் காத்திருந்தோம். அன்னிக்கு ராத்திரி வாத்தியத்தை உறையில போட்டவன்தான்" என்றார். அது யார் வீட்டுக் கல்யாணம் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

கிளம்பும்போது சொன்னார்: "இன்னிக்கு வாசிச்ச தோடி ஊர்ல வாசிச்சது இல்ல தம்பி. யாரு கேக்கறா? இத்தனை தூரம் வந்துதான் வாசிக்க முடிஞ்சுது."

இங்கே நாம் கேட்டதற்குக் காரணம் நம் ரசனை உயர்ந்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரை விட்டு வந்ததால் கேட்டோம். மல்லாரி காதில் விழுந்து பத்து வருடம் ஆனவன் உட்கார்ந்து கேட்பான். தினமும் விழுந்தால் பந்திக்கு ஓடுவான். நாற்காலி போட்டதும் அப்படித்தான். தில்லியில் அவர் என் தெருவுக்கு மேளக்காரர் இல்லை. அழைப்பிதழில் பெயர் உள்ள வித்வான். மரியாதை கொடுக்க எனக்கு இங்கே ஒரு செலவும் கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க யாரும் இல்லை.

செலவு எங்கே இருக்கிறது என்பது அடுத்த வருடமே தெரிந்தது.

2019 சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சுவாமி புறப்பாடு எங்கள் வாசலில் நின்றது. பெரியப்பாவும் தெருப் பெரியவர்களும் திண்ணையில். உள்ளே இருந்து காபி வந்தது. எங்களுக்கு டபரா செட், மேளக்காரர்களுக்குப் பேப்பர் கப். அவர் தெருவில் நின்றுகொண்டிருந்தார். மேல்சட்டை இல்லை, துண்டு இடுப்பில். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "வாங்க, உட்காருங்க" என்ற இரண்டு வார்த்தை தொண்டை வரை வந்தது. பெரியப்பா பக்கத்தில் இருந்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவரும் லேசாகத் தலையை ஆட்டிவிட்டு, சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்த ஆரம்பித்தார். என்னைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றியது அவர்தான் என்று இப்போது புரிகிறது.

2020-ல் கொரோனா வந்து திருவிழாக்களும் கல்யாணங்களும் நின்றபோது, முதலில் வருமானம் போனவர்களில் இவர்களும் உண்டு. முடிந்ததை அனுப்பினேன். போன் செய்து நன்றி சொன்னார். அந்தப் போனிலும் "தம்பி" என்றுதான் கூப்பிட்டார். போனில் 'நீங்க' சொல்வது எனக்கு இப்போது பழகிவிட்டது. போனில் பெரியப்பா இல்லையே.

தில்லி, மும்பை, கல்கத்தா என்று எங்கெங்கோ இருக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர்க் கோயிலில் வாசிப்பவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? அடுத்த முறை வீட்டுக்குப் போன் செய்யும்போது கேட்டுப் பாருங்கள். கேட்டால் அந்தப் பக்கத்தில் ஒரு நிமிடம் சத்தம் இருக்காது. எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது.

வரும் சித்திரைக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். பெண்ணும் வருகிறாள். அவள் திண்ணையிலிருந்து "தாத்தா, உள்ள வாங்க" என்று கூப்பிட்டுவிடுவாள் என்று தெரியும். அவளுக்கு முன்னால் நான் கூப்பிட வேண்டும்.